வார்ட், எட்டுப் பேர், ஒன்றரை மணி

வரவேற்பு மேஜையின் ஓரத்தில் ஒரு சுழலும் கம்பித் தாங்கி இருந்தது. அதில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் சாவிக்கொத்துகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பப் பெயர், ஒரு கேடயச் சின்னம், பின்பக்கம் இரண்டு வரியில் அந்தப் பெயரின் பொருள். பர்க், டேலி, ஃபாஹி, கெல்லி என்று வரிசையாகப் போய்க் கடைசியில் வால்ஷ், அதற்கு அடுத்தது வார்ட். பாலிகார்ன் என்ற ஐரிஷ் சிற்றூரின் கார்ன் ஹவுஸ் ஹோட்டலில் ஓனி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் காலையில் அந்தத் தாங்கியைத் துடைப்பது அவன் வேலை. கடைசி வரிசையை மட்டும் பார்க்காமல் துடைப்பான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஓர் ஆங்கிலேயர் வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். மழைச்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கிளைவ் வார்ட். கவன்ட்ரியிலேருந்து வரேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் ரூம் சொல்லியிருக்கேன்."

உள் அறையிலிருந்து மேலாளர் ஜெரால்டின் ஹான்லி கையை விரித்துக்கொண்டு வந்தாள்.

"வார்டா! அப்ப சொந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கீங்கன்னு சொல்லுங்க!"

தாங்கியைச் சுழற்றி ஒரு சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இது எங்க அன்பளிப்பு."

கிளைவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். "வார்ட். ஐரிஷ் மொழியில் மக் அன் வார்ட். பாணனின் மகன்." தலையை ஆட்டினார். "எங்க ஊர்ல இதுக்கு வேற அர்த்தம். காவல்காரன். கோட்டை வாசல்ல ஈட்டியோட நிக்கறவன். எங்கப்பா நாம காவல்கார வம்சம்னு சொல்லுவார். அவரோட அக்கா, இல்ல, நாம கால்வேயிலேருந்து வந்தவங்கன்னு சொல்லுவா. ரெண்டு பேரும் சாகற வரைக்கும் சண்டை."

"நீங்க எந்தப் பக்கம்?" என்றாள் ஹான்லி.

"நான் நாப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன் வேலை பார்த்தேன். அதனால அப்பா பக்கம்தான்." அவரே சிரித்தார். "ஆனா என் பையன் தோள்ல கேடயத்தப் பச்சை குத்திக்கப்போறேன்னு நிக்கறான். எந்தக் கேடயம்னு தெரியாமக் குத்தாதடான்னு நிறுத்தி வச்சிருக்கேன். அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். இங்க வார்ட் யாராவது இருக்காங்களா?"

ஹான்லியின் சிரிப்பு அப்படியே இருந்தது. "எல்லாம் எப்பவோ போயிட்டாங்க. பழைய கல்லறைத் தோட்டத்துல ரெண்டு மூணு கல் இருக்கும். ஓனி, அவருக்கு வழி சொல்லு."

கிளைவ் ஓனியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு யாரையாவது தெரியுமா தம்பி?"

ஓனி சாவியை எடுத்து நீட்டினான். "இல்ல சார். இருபத்திரண்டாம் நம்பர். மாடி ஏறி இடது பக்கம்."

ஓனியின் முழுப் பெயர் ஓனி வார்ட்.

வேலைக்கு மனு எழுதியபோது அம்மாவின் பெயரைப் போட்டிருந்தான். ஓனி மோரன். வரி எண் டப்ளினில் இருக்கும் கணக்குப் பிரிவுக்குப் போனது. அங்கே யாரும் எதையும் ஒத்துப்பார்க்கவில்லை. ஹான்லி கால்வே நகரத்திலிருந்து காரில் வந்து போகிறவள். சமையலறையில் எல்லோரும் பிரேசில்காரர்கள். அவர்களுக்கு எல்லா ஐரிஷ் பெயரும் ஒன்றுதான்.

எந்தப் பெயருக்கு இடமில்லை என்று ஹோட்டலில் எங்கும் எழுதி ஒட்டவில்லை. தொலைபேசி அடிக்கும். கல்யாண விருந்துக்கோ துக்கச் சாப்பாட்டுக்கோ இடம் கேட்பார்கள். ஓனி பெயரைக் கேட்டு எழுதுவான். நாலைந்து பெயர்கள் உண்டு, வண்டியிலேயே குடியிருந்து ஊர் ஊராக அலைந்த கேரவன் சனத்தின் பெயர்கள். அவற்றில் ஒன்று காதில் விழுந்தால் ஹான்லியின் இடது புருவம் ஏறும். ஓனி சொல்லவேண்டியதைச் சொல்வான். அன்றைக்கு முழுசாகப் பதிவாகிவிட்டது. கொதிகலன் பழுது. சமையலறையில் மராமத்து. எட்டு மாதத்தில் பதினோரு முறை சொல்லியிருக்கிறான். ஒருமுறை மறுமுனையில் பேசியது அவனுடைய சித்தப்பா மகள். குரல் அடையாளம் தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

அந்தப் பெயர்களில் ஒன்று வார்ட். கவன்ட்ரியிலிருந்து வந்தால் அது பாணனின் மகன். மூன்று மைல் தள்ளிக் கேரவன் திடலிலிருந்து வந்தால் புருவம் ஏறும்.

பதினான்கு மாதத்துக்கு முன் அவன் மனைவி டிலியா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்திருந்தது. முப்பது வயது. ஓனிக்கு முப்பத்தொன்று. அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட ஒரு மதுக்கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். அறுபது பேர் போய் நின்றபோது கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் ஒரு தாள். தண்ணீர்க் குழாய் உடைப்பு. தெருவில் இருந்த மற்ற மூன்று கடைகளும் பூட்டியிருந்தன. எல்லாக் கடையிலும் ஒரே நாளில் குழாய் உடையாது. மழை பெய்தது. வின்னி அத்தை கார் டிக்கியைத் திறந்து ரொட்டியும் பன்றியிறைச்சியும் எடுத்துக் கையில் கையில் கொடுத்தாள். ஓனியும் ஒரு துண்டு வாங்கினான். தின்றானா என்று நினைவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் கோட்டைக் கழற்றமாட்டான். வீட்டில்கூட.

திடலை விட்டு மகளை அழைத்துக்கொண்டு பாலிகார்னுக்கு வந்து வாடகைக்கு ஒரு வீடு பிடித்தான். கால்வேயில் இரண்டு வருடம் ஹோட்டல் படிப்பு படித்தது அப்போதுதான் பயன்பட்டது. மகள் கிட்டிக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். அதில் மோரன் என்று எழுத முடியாது. அவள் கிட்டி வார்ட்.

சனிக்கிழமை அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முறையாக நன்மை அப்பம் வாங்கும் நாள். பூசை முடிந்ததும் அந்த ஊரில் எல்லாக் குடும்பமும் ஹோட்டலுக்குத்தான் போகும். வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள், அதில் பதினான்கு பேர் கார்ன் ஹவுஸில்தான் சாப்பிடப் போகிறார்கள். கிட்டி ஜனவரியிலேயே கேட்டுவிட்டாள். "உங்க ஹோட்டல்ல தட்டுல சாக்லேட்டால பேரெழுதிக் குடுப்பாங்களாமே?" சரி என்று சொல்லிவிட்டான். மோரன், எட்டுப் பேர், ஒன்றரை மணி என்று பதிவேட்டில் அவனே எழுதினான்.

வியாழக்கிழமை மாலை வின்னி அத்தை வேனில் வந்து இறங்கினாள். ஓனியின் அப்பாவுக்குத் தங்கை. டிலியா போன பிறகு கிட்டிக்குச் சட்டை எடுப்பது, தலை பின்னுவது எல்லாம் அவள்தான். வெள்ளை உடையைக் கதவுச் சட்டத்தில் மாட்டிவிட்டு நாற்காலியில் சரிந்தாள்.

"எந்தப் பேர்ல சொல்லி வச்சிருக்க?"

"மோரன்."

"உங்கம்மா பேரா? பாவம், அவ இருக்கறப்ப அந்தப் பேர ஒரு நாளும் வெளிய எடுக்கல. செத்த பிறகு நல்லா வேலை வாங்கற."

"வேற வழி இருந்தா சொல்லு அத்த."

"வழி தெரிஞ்சா நான் ஏன்டா கார் டிக்கியில பந்தி வைக்கறேன்?"

ஓனி கிட்டியைக் கூப்பிட்டான். அவள் புதுச் செருப்பைப் பழக்கிக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள்.

"கண்ணு, சனிக்கிழமை ஹோட்டல்ல யாராவது பேர் கேட்டா கிட்டின்னு மட்டும் சொல்லு. விடாம கேட்டா கிட்டி மோரன்."

"யாரு மோரன்?"

"நாம. அன்னிக்கு ஒரு நாளைக்கு."

கிட்டி நின்றாள். "பக்கத்து மேஜையில யாரு தெரியுமா? ஈஃபா கீவனி. அவங்களும் ஒன்றரைக்குத்தான். டீச்சர் தினம் கிட்டி வார்ட்னுதான் கூப்பிடறாங்க. கோயில்ல மைக்லயும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. அப்புறம் ரோட்டத் தாண்டி ஹோட்டலுக்கு வந்ததும் நான் ஈஃபாகிட்ட மோரன்னு சொல்லணுமா?"

ஓனி அதை யோசித்திருக்கவில்லை. எட்டு மாதமாக ஹான்லியின் புருவத்தை மட்டுமே யோசித்திருந்தான்.

"ஈஃபா யார்கிட்டயும் சொல்லமாட்டா," என்றான்.

"ஈஃபாவா? அவ தூங்கறப்பகூட பேசுவா." கிட்டி செருப்பைக் கழற்றினாள். "அப்பா, நன்மை வாங்கின வாயால பொய் சொன்னா அது சாவான பாவமா, அற்பப் பாவமா?"

"சாமியாரக் கேளுடி," என்று வின்னி அத்தை சிரித்தாள். ஓனியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அம்மா கல்லுல என்ன பேர் போட்டிருக்கு?" என்றாள் கிட்டி.

அவளுக்குத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். டிலியா வார்ட்.

"அப்ப அன்னிக்கு மட்டும் அம்மாவும் மோரனா?"

ஓனி கோட்டோடு எழுந்து வெளியே போனான். ஆற்றுப்பாலம் வரை நடந்தான். அங்கிருந்து தபால் நிலையம், அங்கிருந்து மறுபடி பாலம். மே மாதம், ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாது. எதிரே வந்தவர்கள் தலையசைத்தார்கள். இவர்களில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே தெரியும் என்று ஒவ்வொரு தலையசைப்பிலும் கணக்குப் பார்த்தான். மூன்றாவது சுற்றில் கால் வலித்தது. வீட்டுக்குத் திரும்பியபோது கிட்டி தூங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கிளைவ் சீக்கிரமே ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டார். மூன்று நாளாக ஊரில் எல்லோரும் அவரை இன்னும் கொஞ்சம் தூரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டம், அங்கிருந்து இடிந்த மடம், அங்கிருந்து பாலிமக்வார்ட் கிராமம். அந்த ஊர்ப் பலகையில் வார்டின் பெயரே இருக்கிறது, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார். முழங்காலில் பாசி ஒட்டியிருந்தது.

"செத்த வார்டுங்களத்தான் எல்லாரும் காட்டறாங்க," என்றார். "நேத்து ராத்திரி பொண்ணு இத அனுப்பினா. கவன்ட்ரி மாதா கோயில் கல்யாணப் பதிவு. என் தாத்தாவோட அப்பா."

நகலை மேஜைமேல் வைத்தார். ஹான்லியும் எட்டிப் பார்த்தாள். பேட்ரிக் வார்ட். பிறப்பு பாலிகார்ன், கால்வே. தொழில், தகரக் கொல்லர்.

ஹான்லி நிமிர்ந்தாள். "இது வேற வார்டா இருக்கும். இந்தப் பக்கத்து வார்டுங்க புலவர் பரம்பரை. ஓ கெல்லி ராஜாக்களோட சபையில பாடினவங்க."

"பிறப்பு பாலிகார்ன்னு போட்டிருக்கே."

"எழுதினவன் தப்பா எழுதியிருப்பான்."

"புலவன் பேரன் தகரம் தட்டக் கூடாதா? ராஜா போன பிறகு யாரு சோறு போடுவா?"

"இல்ல, அது..." உள்ளே தொலைபேசி அடித்தது. அவள் போய்விட்டாள்.

வின்னி அத்தையின் வேனில் இருக்கைக்கு அடியில் ஒரு சுத்தியல் கிடக்கிறது. ஓனியின் பூட்டனுடையது. அவர் ஊர் ஊராகப் போய் வாளிக்கும் பால் குவளைக்கும் ஈயம் வைத்தவர். தகரக் கொல்லர் வார்ட் என்றால் கேரவன் சனம்தான் என்று ஓனிக்குத் தெரியும். ஹான்லிக்கும் தெரியும். அங்கே நின்ற மூன்று பேரில் தெரியாதவர் கிளைவ் ஒருவர்தான்.

"உங்களுக்கு ஏதாவது தோணுதா தம்பி?"

ஓனியின் விரல்கள் சாவிகளைக் கொக்கியிலிருந்து எடுத்து எடுத்துத் திரும்ப மாட்டின. வாயைத் திறந்தான்.

"நாளைக்குக் காலை சாப்பாடு ஏழரைக்கு சார்," என்றான்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே வேலைக்கு வந்தான். பத்து மணிக்கு மேல் விடுப்பு வாங்கியிருந்தான். முதல் வேலை கூடத்து அறிவிப்புப் பலகை. கறுப்புத் துணி விரித்த பலகையில் வெள்ளைப் பிளாஸ்டிக் எழுத்துகளைக் குத்தி அன்றைய விருந்துகளைப் போடவேண்டும். பட்டியல் கையில் இருந்தது. கீவனி, பன்னிரண்டு பேர். ஃபாஹி, பத்துப் பேர். டேலி, ஏழு பேர். ஒவ்வொன்றாகப் போட்டான். நாலாவது மோரன்.

எழுத்துப் பெட்டியில் கையை விட்டுத் துழாவினான். நேரம் போனது. அடுமனைக்காரன் ரொட்டிக் கூடையை வைத்துவிட்டுப் போனான். மாடியில் யாரோ குளித்தார்கள். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு பெயருக்கு நான்கே ஆங்கில எழுத்துகளை எடுத்துப் பலகையில் குத்தினான். வார்ட், எட்டுப் பேர், ஒன்றரை மணி.

எட்டரைக்கு ஹான்லி காப்பிக் கோப்பையோடு வந்து பலகைமுன் நின்றாள்.

"வார்டா? அட, கிளைவுக்குச் சொந்தக்காரங்க கிடைச்சுட்டாங்களா? மனுஷன் வாயத் திறக்கவே இல்லையே! அமெரிக்காவிலேருந்து வந்திருப்பாங்க. சன்னல் பக்கத்து வட்ட மேஜையப் போடு. பூ வை." மறுபடி பார்த்தாள். "உன் மேஜை எங்க?"

"மோரன்னு ஒரு மேஜை வேண்டாம் மேடம்."

"ஏன், வீட்டுலயே வச்சுக்கறீங்களா? பொண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல. நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"ஜெரால்டின்! மீன்காரன்!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அவள் கோப்பையை ஓனியின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். திரும்பி வரவில்லை. ஓனி வட்ட மேஜையைச் சன்னல் பக்கம் நகர்த்தினான். பூ வைத்தான். எட்டு நாற்காலி போட்டான். பத்து மணிக்குக் கிளம்பினான்.

கோயிலில் ஒவ்வொரு பிள்ளையாக மைக்கில் கூப்பிட்டார்கள். கிட்டி வார்ட் என்றதும் ஓனி திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தான். யாரும் எதற்கும் திரும்பவில்லை. ஒரு குழந்தை அழுதது. கிட்டி கைகூப்பி நடந்து போய் நன்மை வாங்கிக்கொண்டு வந்தாள். வாயை மூடியபடியே அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். ருசி பிடிக்கவில்லை.

பூசை முடிந்து தெருவைக் கடந்தார்கள். ஓனி, கிட்டி, வின்னி அத்தை, டிலியாவின் அண்ணன்மார் இரண்டு பேர், அவர்கள் மனைவிமார், கைக்குழந்தை ஒன்று. பெண்கள் பளிச்சென்று உடுத்தியிருந்தார்கள். ஓனி எல்லோருக்கும் முன்னால் போனான்.

"மெதுவா நடடா. கதவு எங்கயும் ஓடிடாது," என்றாள் அத்தை.

"ஓடும் அத்த. பார்த்திருக்கோம்ல."

அதன்பின் அத்தையும் வேகமாக நடந்தாள்.

கதவு திறந்திருந்தது. கண்ணாடியில் தாள் எதுவும் இல்லை. உள்ளே சாப்பாட்டுக் கூடம் நிறைந்திருந்தது. வெள்ளை உடுத்திய சிறுமிகள் மேஜைக்கு மேஜை ஓடிக்கொண்டிருந்தார்கள். கீவனி குடும்பத்தோடு பங்குச் சாமியாரும் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஹான்லி பட்டியலோடு நின்றாள். ஓனியைக் கண்டதும் சிரித்தாள். பின்னால் வந்தவர்களைப் பார்த்தாள். வின்னி அத்தையின் பேச்சு அவள் காதில் விழுந்தது. கேரவன் சனத்தின் அந்த உச்சரிப்பை மறைக்க அத்தை ஒரு நாளும் முயன்றதில்லை. சிரிப்பு ஓரத்திலிருந்து கழன்றது.

"ஓனி. உனக்கு மேஜை இல்லையே. சன்னல் மேஜை வார்டுக்கு."

"ஆமா மேடம். நாங்கதான்."

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனை.

"மோரன்?"

"எங்கம்மா பேரு."

"எட்டு மாசமா என் பக்கத்துல நின்னுட்டு..." குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு ஓனி, உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சமையலறையில இப்பத்தான் ஒரு..."

"கொதிகலனா, மராமத்தா?" என்றான் ஓனி. அவன் கால் நிற்கவில்லை, தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. "ரெண்டையும் நான்தான் மேடம் போன்ல சொல்லியிருக்கேன். பதினோரு தடவை. எனக்கு நல்லாத் தெரியும்."

அவள் புருவம் ஏறவில்லை. முகம் சிவந்தது.

"கிட்டி வார்ட்!" என்று கூடத்தின் நடுவிலிருந்து ஒரு கத்தல். பல் விழுந்த ஒரு சிறுமி நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "நான் உனக்காகப் பக்கத்துல இடம் பிடிச்சு வச்சிருக்கேன்! உன் செருப்பக் காட்டு! அம்மா, இதுதான் கிட்டி வார்ட்! நான் சொன்னேன்ல, கணக்குல எப்பவும் முதல்!"

ஈஃபாவின் அம்மா கையசைத்தாள். சாமியார் தலையைத் தூக்கிப் பார்த்தார். கிட்டி அப்பாவைப் பார்க்காமலேயே ஈஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஹான்லி பட்டியலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பூட்டலாம் என்றால் ஊரில் பாதி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு என் ரூமுக்கு வா," என்றாள் மெல்ல.

"வரேன்."

"சன்னல் பக்கம்," என்றாள் உரக்க. வழியை விட்டாள்.

உட்கார்ந்தார்கள். வின்னி அத்தை பூவைத் தொட்டு நிஜப் பூதானா என்று பார்த்தாள். டிலியாவின் பெரிய அண்ணன் நாற்காலியின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தான். ஓனிக்கு வாசல் தெரியும் இடம். வேண்டுமென்றே அங்கே உட்கார்ந்தான். சூப் வந்தது. தட்டை வைத்த பிரேசில்காரன் தியாகோ, "ஓனி, நீ இன்னிக்கு விருந்தாளியா!" என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

அப்போது கிளைவ் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவருக்குத் தூண் பக்கம் ஒற்றை மேஜை. பலகைமுன் நின்றார். கண்ணாடியை மாட்டினார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு நேராகச் சன்னல் பக்கம் வந்தார். மேஜையில் ஓனியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"வார்ட் மேஜை எதுன்னு..."

"இதுதான் சார்."

"நாலு நாளா உங்க முன்னாடிதானே தம்பி நின்னுட்டு இருந்தேன்?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேலை போயிடும்."

கிளைவுக்கு அது விளங்கவில்லை. விளங்காமலேயே தலையாட்டினார். வின்னி அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ யாரு பெத்த புள்ள?"

"கிளைவ் வார்ட். என் தாத்தாவோட அப்பா பேட்ரிக் வார்ட். இந்த ஊருதான். தகரக் கொல்லர்."

"அப்படிச் சொல்லு! எங்காளு!" மேஜையே திரும்பியது. "ஆனா எங்கள்ல பேட்ரிக் வார்ட் நாப்பது பேர் இருக்கான்யா. பட்டப் பேரு என்ன? ஓட்டவாளி பேட்ரிக்கா? கழுதக்கார பேட்ரிக்கா? செம்பட்டையா?"

"அது தெரியலையே."

"பட்டப் பேரில்லாம எப்படிய்யா கண்டுபிடிக்கறது? சாமியார் எழுதற பேரு சாமியாருக்குத்தான்." அத்தை கண்ணை மூடி யோசித்தாள். "கப்பலேறிப் போனவன் ஒருத்தன் உண்டு. திரும்பி வரல. அண்ணன்கூட ஒரு குதிரைக்காகச் சண்டை. அவனா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் பொய் சொல்லமாட்டேன்."

"அப்ப நாங்க காவல்காரங்க இல்ல?"

"எதக் காக்க? ஒரு வாளி, ஒரு கழுத." மேஜை சிரித்தது. "பாட்டுக்காரன்னு எங்கப்பா சொல்லுவார். ராஜா வீட்டுல பாடினோம், ராஜா போனதும் ரோட்டுல பாடினோம்னு. அவர் குடிச்சாத்தான் சொல்லுவார். நீ மொதல்ல உக்காரு. சூப் ஆறுது."

கிளைவ் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். "என் பையனுக்கு இந்தக் கேடயம்..."

அத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத எங்க வண்டி எதுலயும் பார்த்ததில்ல. ஒரு வாளி வரைஞ்சுக்கச் சொல்லு."

ஒன்பதாவது நாற்காலியைத் தியாகோ கொண்டுவந்து போட்டான். கிளைவ் சத்தமாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். டிலியாவின் பெரிய அண்ணன் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தான். ஓனி மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹான்லி இரண்டு முறை அந்தப் பக்கம் வந்து போனாள். இரண்டு முறையும் அவன் கால் நின்று, பிறகு மறுபடி தட்டியது. யாரும் யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. இறைச்சி வந்தது, உருளைக்கிழங்கு வந்தது.

சாப்பாட்டுக்குப் பின் தியாகோ சின்ன நோட்டோடு வந்தான். கிட்டி ஈஃபாவின் மேஜையிலிருந்து ஓடிவந்து நின்றாள்.

"இனிப்புத் தட்டுல என்ன பேர் எழுதணும் மகாராணி?"

பக்கத்து மேஜையில் ஹான்லி யாருக்கோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓனி மகளைப் பார்த்தான். அவள் தன்னை ஒரு பார்வை பார்ப்பாள், அதற்கு என்ன செய்வது என்று யோசித்தான்.

அவள் பார்க்கவில்லை. "கிட்டி வார்ட்," என்றாள் தியாகோவிடம். "ரெண்டும் எழுதணும். இடம் பத்தலன்னா ஐஸ்கிரீமத் தள்ளி வை."

ஹான்லி தேநீர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள்.

தட்டு வந்தது. ஐஸ்கிரீம் ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. சாக்லேட் எழுத்துகள் கோணலாக இருந்தன, இரண்டு சொல்லும் இருந்தன. கிட்டி கரண்டி போடவில்லை. ஈஃபா வந்து பார்க்கும் வரை யாரும் தொடக் கூடாது என்றாள்.

ஓனிக்கு வியர்த்தது. சன்னல் வழியாக வெயில் நேராக அவன்மேல் விழுந்திருந்தது. எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

"அப்பா, உனக்கு வேர்க்குது," என்றாள் கிட்டி. "இன்னும் தேநீர் வேற இருக்கு. கோட்டக் கழட்டேன்."

ஓனி எழுந்து கோட்டைக் கழற்றினான். நாற்காலியில் போடவில்லை. வாசல் பக்கத்தில் எல்லோருடைய கோட்டும் தொங்கும் கொக்கிகள் வரை நடந்து போய் மாட்டினான். திரும்பி வந்தான். வாசலுக்கு முதுகு காட்டி ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தான்.